நடுவீட்டு நாய்

கந்தோரில் எல்லோருக்கும் அந்தப் பழமொழி தெரியும்.
நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்...
மிச்சத்தைச் சொல்லாமல் சிரிப்பார்கள்.
முதல்நாள்தான் குளிப்பாட்டியிருந்தேன்.
நடுவீடு என்று சொல்ல எனக்கிருப்பது
டைக் வீதியில் ஒரே ஒரு அறை.

அழைப்பாணை கொண்டுவந்தவன் போல
வாசலில் நின்று வழிவிடாமல் பார்ப்பான்,
அதனால் பிஸ்கால் என்று பெயர்.

விடிய ஐந்தேகால், கோட்டை வாசல்.
இரவு படுத்தெழும்பிய மான்கள்
யாரோ ஓட்டை மிளகு மூட்டையை
இழுத்துப் போனதுபோல
புழுக்கை கொட்டிவிட்டுப் போயிருக்கும்.
பிஸ்கால் குனிவான். நான் கத்துவேன்.
கோணேசருக்குப் பூத்தட்டோடு ஏறுகிறவர்கள்
திரும்பிப் பார்க்குமளவுக்குக் கத்துவேன்:
துப்பு! டேய், துப்படா!
அவன் என் முகத்தைப் பார்த்தபடியே
இன்னும் விரைவாய் விழுங்குவான்.

மான் தின்பது புல்தானே என்றான்
ஓட்டோ ரெஜினோல்ட்.
சரி, புல் என்றே வைப்போம்.
கடற்கரை மாட்டுச் சாணியும் புல்.
ஒருநாள் தன்னுடையதையே தின்றான்.
தின்றுவிட்டுக் கையை நக்க வந்தான்.
கையை இழுத்துக்கொண்டேன்.
அதை அவன் கவனித்தான்.

அன்னாசி கொடு என்றார்கள், கொடுத்தேன்.
பூசணி அவித்துச் சோற்றில் பிசைந்தேன்.
கொச்சிக்காய்த் தூளை அதன்மேல் தூவச் சொன்னாள்
பக்கத்து அறை மெர்லின்.
தின்றான், தும்மினான்,
தும்மி முடித்து மிச்சத்தையும் தின்றான்.

மிருக வைத்தியர் நுஸ்கியா
வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.
பூச்சி மருந்து எழுதினார். பிறகு,
எழுதுவதை நிறுத்திக் கேட்டார்:
முன்னம் யார் வீட்டில் இருந்தது?

மாற்றலாகிப் போன ஒரு மனேஜர் வீட்டில்.
வெள்ளை மாபிள் தரை.
அங்கே கூட்டித் துடைத்த பாக்கியம்தான் சொன்னாள்,
குட்டியாயிருக்கையில் தரையில் இருந்துவிட்டால்
அதிலேயே மூக்கைத் தேய்த்துச்
செருப்பால் அடிப்பார்களாம்.

பதினொரு வருடம் கோட்டில் தட்டச்சு அடிக்கிறேன்.
தடயப் பொருள் இலக்கம் ஒன்று,
தடயப் பொருள் இலக்கம் இரண்டு.
தடயத்தை ஒளித்தவர்கள், எரித்தவர்கள்,
கடலில் போட்டவர்கள் எல்லோரையும் அடித்திருக்கிறேன்.
பயத்தில் விழுங்கியவனைத்தான்
இத்தனை நாளும் அடையாளம் தெரியவில்லை.
நானும் கத்திக்கொண்டு நின்றிருக்கிறேன்
அந்தச் செருப்பு மாதிரி.

கத்துவதை விட்டேன். சுலபமில்லை,
தொண்டைவரை வந்துவிடும்.
கைப்பையில் நெத்தலிக் கருவாடு.
மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு,
திரும்பினால் ஒன்று, கிட்ட வந்தால் இரண்டு.
அவன் இருந்து எழும்ப முன்னமே
பையில் அள்ளிக் கட்டிவிடுவேன்.
கோட்டில் ஒரு சட்டத்தரணி
மூக்கைச் சுருக்கிக்கொண்டு
ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.
திறந்துவிட்டேன்.

கார்த்திகை இடி. கரண்ட் இல்லாத இரவு.
ஏதோ நாற்றத்துக்கு விழித்து டோர்ச் அடித்தேன்.
அறையின் நட்டநடுவில் அது.
பக்கத்தில் பிஸ்கால்,
வால் வயிற்றோடு ஒட்ட, நடுங்கிக்கொண்டு.
வாய் அதை நோக்கிப் பாதி போய்
அப்படியே நின்றது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பழைய பேப்பரை விரித்து அள்ளினேன்.
டெட்டோல் ஊற்றித் துடைத்தேன்.
துணி போகிற பக்கமெல்லாம்
அவன் கண்ணும் போய் வந்தது.
விளக்குமாறைச் சுவரில் சாத்தியபோது மட்டும்
ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டான்.
பிறகு கையை நீட்டினேன்.
மணந்து பார்த்தான், நெத்தலி இல்லை.
இருந்தும் நக்கினான்.
இழுத்துக்கொள்ளவில்லை.

காலையில் மழை விட்டிருந்தது.
கோட்டை வாசலில், நான் பார்க்க,
மான் புழுக்கை தின்றான்.
ஒன்றே ஒன்று.
நான் கடலைப் பார்த்தேன்.